மீன் இல்லாத தொட்டி

இந்த நாட்டில் கையில் காசோடு போய் நின்றாலும் மீன் தர மறுக்கிறார்கள். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வந்ததிலிருந்து எத்தனையோ விநோதங்களுக்குப் பழகிவிட்டேன், இது புதிது. கடைக்காரப் பெண் கண்ணாடித் தொட்டியைத் தட்டிக் காட்டி, முதலில் 'ஐன்ஃபாரன்' செய்ய வேண்டும் என்றாள். வண்டியை உள்ளே ஓட்டிப் போவதற்குத்தான் அந்தச் சொல் என்று நினைத்திருந்தேன். "என்னிடம் கார் இல்லையே" என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மீன் விடாமல் வெறும் தண்ணீரைச் சில வாரம் ஓடவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் மீன் செத்துவிடும் என்று கைச்சாடையில் விளக்கினாள்.

எனக்கோ அவசரம். விருத்தாசலத்தில் இருக்கும் கணவருக்கும் மகள் தாரணிக்கும் விசா வந்துவிட்டது. அவள்தான் தன் மீனை விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறாள். நான் விமானம் ஏறிய மறுநாள், அவள் அழுகையை நிறுத்த அவள் அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டிப்போய் இரண்டு சிவப்பு மீன்களைப் பாலித்தீன் கவரில் வாங்கிவந்தார். தான் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியிலிருந்து விளிம்பு உடைந்த கப் ஒன்றைக் கொண்டுவந்து தொட்டிக்குள் போட்டார். ஒரு மீன் சீக்கிரமே செத்துப்போனது. மிஞ்சியதிடம்தான் தினமும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூலுக்குப் போகிறாளாம். அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"இங்க புதுசா வாங்கித் தரேன்டி" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"அது வேற மீனும்மா."

ஆனாலும் தொட்டி வாங்கினேன். நான் ஆசைப்பட்டது மேசையில் வைக்கிற குட்டிக் கிண்ணத்துக்கு. சின்னதில் தண்ணீர் சீக்கிரம் கெட்டுப்போகும், புதிதாக வளர்ப்பவர்களுக்குப் பெரியதுதான் சுலபம் என்று அந்தப் பெண் பிடிவாதமாக மாற்றிக் கொடுத்தாள். கூடவே ஃபில்டர், செடி, ஹீட்டர். வீடியோ காலில் இதைக் கேட்ட கணவர், "மீனுக்கு ஹீட்டரா? இங்க நான் வெயிலுக்குப் பயந்து தண்ணியில ஐஸ்கட்டி போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

தாரணி போனைப் பிடுங்கினாள். "மீனு எங்கம்மா?"

"இப்ப வுடக்கூடாதாம். தண்ணி தயாராவணுமாம்."

"அதுவரைக்கும் தொட்டி சும்மாவா இருக்கும்?"

"ஆமாண்டி. லைட்டு எரியும், தண்ணி ஓடும், அவ்வளவுதான்."

திரும்பித் தன் சிவப்பு மீனைப் பார்த்தாள். பிறகு, "நீ தனியா வாங்காத. நான் வந்து வுடறேன்" என்றாள். இந்த மீனை எதிர் வூட்டு அக்காவிடம் கொடுக்கலாமா என்று அப்பாவைக் கேட்டாள். கேட்கும்போதே குரல் உடைந்தது. அவள் வரப்போகிற சந்தோஷத்தை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

"கடைசியா ஒருவாட்டி பாத்துக்கோம்மா" என்று போனைத் தன் தொட்டிப் பக்கம் திருப்பினாள். நான் என் போனை என் தொட்டிக்கு நேராகப் பிடித்தேன். திரையின் வெளிச்சம் கண்ணாடியில் விழ, யாருமில்லாத என் தண்ணீருக்குள் விருத்தாசலத்துச் சிவப்பு மீன் ஒன்று நிழலாக நீந்தியது. போன் சற்றே சாய்ந்தது. மீன் கலைந்து, தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.