பெயர் ஒட்டிய நாற்காலிகள்

காலியாகக் கிடக்கும் நாற்காலியைப் பார்த்தாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. கல்யாண மண்டபத்தில் கிடந்தாலும் சரி, பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடந்தாலும் சரி, உட்கார ஆள் இல்லையென்றால் எதற்கு இதைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று வாய்க்குள் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுகிறேன். இந்த வியாதியை எனக்குக் கொடுத்தது எங்கள் ஊர்க் கால்பந்து லீக்.

திண்டுக்கல்லில் கால்பந்தா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நான் பிறந்த தெருவில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஆண்கள் நேராக மைதானத்துக்குத்தான் போவார்கள். என் அண்ணன்மார் இருவரும் ஆடினார்கள். நான் அவர்களுடைய சட்டைகளைத் துவைத்துப் போட்டதோடு சரி. என் மகள் கோல்கீப்பர் ஆனபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நாகல் நகரில் என் தையல் கடைக்கு ரவிக்கை தைக்க வந்தவர்களெல்லாம் அளவு கொடுப்பதற்கு முன்னால் அவள் பிடித்த பந்துகளின் கதையைக் கேட்டாக வேண்டும்.

அந்த வருடம் ஒரு கமிட்டி போட்டு, ஆண்களோடு பெண்கள் அணிகளையும் சேர்த்து, வார இறுதிகளில் லீக் நடத்தினார்கள். மைதானத்தின் மேற்குப் பக்கம் தகரக் கூரை வேய்ந்து கேலரி கட்டினார்கள். அதில் வெளிர்நீல நாற்காலிகள். சீசன் கார்டு வாங்கியவர்கள் மட்டும்தான் அதில் உட்காரலாம். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் கார்டு வாங்கியவரின் பெயரைப் 'புரவலர்' என்று போட்டு ஒட்டியிருந்தார்கள். லீக் தொடங்கும் முன்பே கார்டுகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. ஆனால் கேலரி கடைசி வரை நிரம்பவில்லை. எதிர்ப்பக்கத்தில் மூங்கில் தடுப்புக்குப் பின்னால், மேற்கு வெயில் முகத்தில் அடிக்க, ஜனங்கள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். இந்தப் பக்கம் நிழலில் நாற்காலிகள் பாட்டுக்கு மேட்ச் பார்த்துக்கொண்டிருக்கும்.

இது ஏன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. கமிட்டிக்காரர்கள் கார்டை விற்ற விதம் அப்படி. திருவிழா வசூலுக்குப் போவது போல நாலைந்து பேராகச் சேர்ந்து கடை கடையாக ஏறினார்கள். கடைக்காரர்களும் வாசலில் வந்து நிற்பவர்களைச் சும்மா அனுப்பக் கூடாதென்று கொடுத்தார்கள். அன்னதானத்துக்குக் கொடுத்தவன் பந்தியில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? அந்தக் கணக்கில்தான் இதையும் எடுத்துக்கொண்டார்கள். மேட்ச் பார்க்கத்தான் அந்தக் கார்டு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விற்றவர்களுக்கும் தோன்றவில்லை என்பதுதான் கொடுமை.

நானும் ஒரு கார்டு வாங்கியிருந்தேன். என் இடப்பக்கத்து நாற்காலி ஒரு பாத்திரக்கடைக்காரருடையது. புதிதாக வந்தபோது சுற்றியிருந்த பாலிதீன் உறையைக்கூட அதிலிருந்து யாரும் பிரிக்கவில்லை. ஒருநாள் குக்கருக்கு வாஷர் வாங்க அவர் கடைக்குப் போனேன். கல்லாவுக்கு மேலே முருகன் படம். படத்தின் சட்டத்தில் செருகி, சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்து, சீசன் கார்டு.

"அண்ணே, ஒரு மேட்ச்சுக்குக்கூட உங்களைக் காணோமே?" என்றேன்.

"மேட்ச்சா? அதான் கார்டு வாங்கியாச்சே, தாயி," என்றார், நான் ஏதோ மறுபடியும் வசூலுக்கு வந்துவிட்டேன் என்ற பயத்தோடு.

"வரலைன்னா அந்தச் சீட்டுல வேற ஆளையாவது உக்காரச் சொல்லலாம்ல?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நம்ம பேரு போட்டிருக்குல. அதுல இன்னொருத்தன் உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

மனிதர் நல்லவர். வாஷருக்குக் காசுகூட வாங்க மாட்டேன் என்றார். அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை. அந்தக் கடுப்பு வேறு.

கமிட்டிச் செயலாளரை மட்டும் தாராளமாகத் திட்டலாம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். எந்த மேட்ச்சிலும் அவர் விசில் ஊதி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வாரமும் எங்கள் இருவருக்கும் இதே பேச்சுதான்.

"சார், ஆட்டம் தொடங்கியாச்சு. வெயில்ல நிக்கிற பொம்பளைகளையாவது உள்ள விடுங்க."

"அதெப்படிக்கா? புரவலர் வந்துட்டா?"

"எந்தப் புரவலர் இதுவரைக்கும் வந்திருக்காரு?"

"இன்னைக்கு வரலாம்ல?"

இப்படிச் சொல்பவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? நான் ஒருத்திதான் மேட்ச் பார்ப்பதற்கென்று கார்டு வாங்கிய பைத்தியம். இரண்டு கேட்டேன். வீட்டுக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்கள். "அண்ணன்தான் எப்பவும் ரோட்டுலயே இருக்காரே, ரெண்டு எதுக்கு?" என்று அவர்களே தீர்ப்பும் எழுதிவிட்டார்கள்.

அந்த அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், ஒட்டன்சத்திரத்துக்காரர். அங்கேயிருந்து காய்கறி லாரி ஏற்றிக்கொண்டு கேரளா போய் வருவதுதான் அவருக்குத் தொழில். கால்பந்து என்றால் உயிர். லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆடுவதையெல்லாம் நின்று பார்த்துவிட்டு வந்து எனக்குக் கதை சொல்வார். பெற்ற பிள்ளை ஆடி மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை. மேட்ச் அன்றைக்கென்று பார்த்து ஒரு லோடு வந்து சேரும். மகள் வாய்விட்டுக் குறை சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் கிளம்பும்போது, "அப்பா எங்க வர்றாராம்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பாள். நான் பாலக்காடு என்பேன், திருச்சூர் என்பேன். சரி என்று போய்விடுவாள். அந்தச் "சரி" எனக்குப் பிடிக்காது.

கடைசி மேட்ச்சுக்கு எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். அந்த மேட்ச்சோடு அவள் படிப்புக்காகச் சென்னை போகிறாள். இனி இந்த மைதானத்தில் எப்போது ஆடுவாளோ தெரியாது. அடுத்த லோடை இன்னொரு டிரைவரிடம் தள்ளிவிட்டு, மலைப்பாதையில் இறங்கி ஒட்டன்சத்திரத்தில் வண்டியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து நேராக மைதானத்துக்கு வருகிறேன் என்றார். மகள் காலையிலேயே அணியோடு போய்விட்டாள். போகும்போது, "நெசமாவே வாராரா? சும்மா சொல்லாதம்மா," என்று இரண்டு தடவை கேட்டாள். நானும் நிஜமாகத்தான் என்று அடித்துச் சொன்னேன்.

எனக்கு ஒரே கவலை, அவருடைய முதுகு. இத்தனை வருடம் ஸ்டியரிங் பிடித்ததில் இடுப்பிலிருந்து கால் வரைக்கும் வலி இழுக்கும். உட்கார்ந்தால் தாங்கும், நின்றால் தாங்காது. அதிக நேரம் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவர் வந்து சேர்ந்தபோது அணிகள் உள்ளே இறங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தன. கேலரி வாசலில் செயலாளர் நின்றார். உள்ளே பார்த்தால் என் வரிசையில் நான் உட்காரும் நாற்காலியைத் தவிர இன்னும் பத்துப் பேர் படுத்துத் தூங்கலாம்.

"ஏனுங்க சார், ஆருமே இல்லீங்களே. ஓரமா உக்காந்துக்கறனுங்க. அவுங்க வந்தா எந்திரிச்சுக்கறேன்," என்றார் என் வீட்டுக்காரர். அவர் ஊர் மரியாதை அது.

"காலியா எங்கண்ணே இருக்கு? எல்லாம் ஆளுள்ள சீட்டு," என்றார் செயலாளர். சிரிக்காமல் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. பாத்திரக்கடையின் முருகன் படம் வரைக்கும் போய்விட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. "இவரு முதுகு முடியாத மனுசன் சார். கோல்கீப்பரோட அப்பா. என் கார்டுல இவரை உக்கார வைக்கிறேன், நான் பக்கத்துல நின்னுக்கிறேன்," என்று கடைசியாகக் கேட்டேன். கேலரிக்குள் நிற்கக் கூடாதாம். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்குமாம். பின்னால் யார் இருந்தார்கள் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

சத்தம் கேட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்குக் கூச்சமாகிவிட்டது. "விடு புள்ள. நீ போயி உக்காரு. உன் எடத்துல நான் உக்காந்தா எனக்கு ஆட்டமே ஓடாது. நான் அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு மைதானத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கியது. மகள் கோல்கம்பங்களுக்கு நடுவில் நின்று கையுறையைத் தட்டிக்கொண்டு கேலரியைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய காலியிடத்தில் நான் ஒருத்திதான் தெரிந்திருப்பேன். கையை ஆட்டினேன். எதிர்ப்பக்கத்தைக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் பாதியில் நான் என் மகளைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் அவருடைய நீலச் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மாற்றுவார், மறுகாலை மாற்றுவார், குனிவார், நிமிர்வார். பக்கத்தில் பாலிதீன் உறை காற்றில் சரசரக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரமாக வந்தது. இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடியும் தொடங்கிய சற்று நேரத்தில் அவர் அப்படியே மூங்கிலில் நெற்றியைச் சாய்த்துவிட்டார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் எழுந்து ஓடினேன்.

போய் அவருடைய கையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். "ஊரு பாக்குது புள்ள," என்றார். "பாக்கட்டும்" என்றேன். பாரத்தை என்மேல் சாய்த்ததும் அவருக்கு மூச்சு வந்தது. முகம் தெளிந்தது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படிப் பொது இடத்தில் நின்றதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு வந்த ஒரு பந்து. எல்லோரும் கோல் என்றே கத்திவிட்டார்கள். என் மகள் பக்கவாட்டில் பாய்ந்து விரல் நுனியால் வெளியே தள்ளினாள். என் வீட்டுக்காரர் வலியெல்லாம் மறந்து, "எம்புள்ளைங்க! எம்புள்ளைங்க அது!" என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். முன்பின் தெரியாதவர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அடுத்து வந்த பந்து மிகச் சாதாரணமானது. அதை அவள் விட்டுவிட்டாள். "பந்து வந்ததையே பாக்கல புள்ள. எங்கயோ பராக்குப் பாத்துட்டு நிக்கறா," என்றார் அவர். போனால் போகிறது, எங்கள் அணி ஏற்கெனவே இரண்டு கோல் போட்டிருந்தது. ஜெயித்துவிட்டோம். நாங்கள் இருவரும் கை வலிக்கத் தட்டினோம்.

ஆட்டம் முடிந்து வீராங்கனைகள் வெளியே வரும் வாசலில் போய் நின்றோம். மற்ற பெண்கள் கத்திக்கொண்டும் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டும் வந்தார்கள். என் மகள் கடைசியாக வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இப்பத்தான் வாரீங்களாப்பா?"

"மொதல்ல இருந்தே இருக்கேன் சாமி. அந்தப் பக்கம் நின்னு முழுசாப் பாத்தேன்," என்றார் அவர், பெருமையாக.

அவள் அவரைத் தொட்டுப் பார்த்தாள். கையை, தோளை, சட்டையின் பொத்தானை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பாதி ஆட்டத்துல நீ எந்திரிச்சு ஓடுனியேம்மா. அப்புறம் திரும்பி வரவே இல்ல. உன் சீட்டும் காலியாக் கெடந்துச்சு. போனெல்லாம் கோச் வாங்கி வச்சிருந்தாரு. மலைப்பாதையில லாரிக்கு என்னமோ ஆயிருச்சு, போன் வந்துதான் நீ ஓடுறன்னு நெனச்சேன்."

என் வீட்டுக்காரர் அவளை அணைத்துக்கொண்டார். அது நிஜமாகவே இருந்தாலும் அணி தோற்றுவிடக் கூடாதே என்று ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியே வரவில்லை என்று அவள் அவருடைய சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். அப்பா செத்துப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் என் மகள் அந்தப் பந்தைப் பாய்ந்து தள்ளியிருக்கிறாள். நாங்கள் எதிர்ப்பக்கம் நின்று கை தட்டியிருக்கிறோம்.