கூட்டலில் விடுபட்ட முப்பத்தாறு பேர்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்பின் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது போன மாரியில் நடந்தது. எங்கள் ஊர் கல்லடிப் பக்கம், வாவியை ஒட்டி இருக்கிறது. மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் வாவி ஏறி, தாழ்வான ஐந்து தெருக்களுக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது. அங்குள்ள சனமெல்லாம் பள்ளிக்கூடத்தில் போய் இருந்தது. என் வீடு தெருத் தொங்கலில், கடைசி வீடாக, கொஞ்சம் மேடாக இருந்ததால் தப்பியது. பகல் சோற்றுப் பார்சல் கொடுக்கிற பொறுப்பை எங்கள் மாதர் சங்கம் எடுத்தது.

சங்கத்தின் செயலாளர் ஒரு ஆசிரியை. போனில் சங்கத்துக்கென்று ஒரு விக்கிப் பக்கம் செய்து வைத்திருக்கிறா. சங்கத்தில் உள்ள யாரும் அதைத் திறந்து எழுதலாம், திருத்தலாம். அதில் ஒரு அட்டவணை போட்டு, தெருவுக்கு ஒருவராக ஐந்து பேர் காலையில் ஆட்களின் தொகையை எழுத வேண்டும் என்றா. அடியில் கூட்டுத்தொகை தானாக வருமாம். கடைசித் தெரு என் பொறுப்பு.

காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கண் படும் என்று எங்கள் பக்கத்தில் ஆட்களை விரல் நீட்டி எண்ண மாட்டோம். வீடு வீடாக நினைத்து மனதுக்குள் கூட்டினேன். முப்பத்தாறு வந்தது. போனைத் திறந்தால் மற்ற நால்வரும் எனக்கு முன்பே எழுதிவிட்டார்கள்: 42, 31, 27, 48. எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. மாட்டுக்குக் குறி சுடுவதுபோல மனிதருக்கு வெறும் இலக்கமா? ஒரு எழுத்தாகத் தேடித் தேடி, ‘முப்பத்தாறு பேர்’ என்று எழுதிவிட்டு வந்தேன்.

சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டியிருந்தது. சமையலுக்குத் தலைமை என் கணவரின் தங்கை, எனக்கு மச்சாள். செயலாளர் போனைப் பார்த்து, “நூத்தி நாப்பத்தெட்டுப் பார்சல்” என்றா. மச்சாள் அந்தக் கணக்குக்கு அரிசியைக் கொத்தால் அளந்து கழுவத் தொடங்கினாள்.

நான் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கை வெட்ட, மனம் அந்த ஐந்து தொகையையும் கூட்டியது. வேறு கணக்கு வந்தது. அடுப்புக்கரி ஒன்றை எடுத்துச் சீமெந்துத் தரையில் எழுதினேன். ஒன்றுகளைக் கூட்ட இருபத்து நாலு. நாலை எழுதி இரண்டை மேலே வைத்தேன். நூற்றி எண்பத்து நாலு வந்தது. இரண்டாம் முறையும் அதேதான்.

கூட்டங்களில் நான் வாய் திறக்கிறவள் இல்லை. சங்கத்தில் சேர்ந்த நாள் முதல் எல்லாவற்றுக்கும் கையை மட்டும்தான் உயர்த்தியிருக்கிறேன். அன்றைக்கு எப்படியோ கேட்டுவிட்டேன்.

“மச்சாள், அரிசி காணாது போல கிடக்கு. எனக்கு நூத்தி எம்பத்துநாலு வருகுது.”

“என்னகா, போனை விடக் கெட்டிக்காரியாயிட்டீங்களா?” என்று அவள் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

“நூத்தி நாப்பத்தெட்டு, பெரியம்மா. எட்டும் நாலும் உங்களுக்கு இடம் மாறித் தெரிஞ்சிருக்கும்” என்றா செயலாளர், அன்பாகத்தான்.

இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். எனக்கு ஒரு கண்தான் ஒப்பரேசன் செய்தது. அதற்குள் மச்சாள், “உங்கட தெருவுக்குக் கூடுதலா வேணுமெண்டா நேராக் கேளுங்களன்” என்றாள். முகம் எரிந்தது. திரும்பிப் போய்ப் பூசணிக்காய்க்கு முன்னால் இருந்துவிட்டேன்.

ஆனால் வெட்ட முடியவில்லை. அட்டவணையில் உள்ள ஒழுங்கில்தான் பார்சல் கொடுப்பார்கள். என் தெரு கடைசி. குறைந்தால் அவர்களுக்குத்தான் குறையும். அங்கே என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார், தோணியில் மீன் பிடிக்கிறவர், சீனி வருத்தக்காரர். ஊசியைப் போட்டுவிட்டுச் சோறு வரும் என்று பார்த்திருப்பார், பிந்தினால் மயங்கிவிடுவார். அந்த நினைப்பு வந்ததும் எழும்பிவிட்டேன்.

“மகள், என்ட கண் பிழையெண்டா பிழையாகவே இருக்கட்டும். ஒருக்கா இதில கூட்டிக் காட்டுங்க” என்று செயலாளருக்குத் தரையைக் காட்டினேன்.

அவ குனிந்து கூட்டினா. அவவுக்கும் நூற்றி எண்பத்து நாலுதான் வந்தது. போனை எடுத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தா.

“பெரியம்மா, நீங்க எழுத்தில எழுதியிருக்கீங்க. இது இலக்கத்தை மட்டும்தான் கூட்டும். எழுத்தைக் கண்டா விட்டிட்டுப் போயிரும்.”

அவ அதை அழித்து 36 என்று போட, அடியில் 184 வந்து நின்றது. பிழை என்னுடையதுதான். எனக்குத் தலை நிமிரவில்லை.

“இல்லை, அரிசியை ஏத்த முன்னம் நான்தான் பார்த்திருக்க வேணும்” என்றா செயலாளர்.

மச்சாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். “போனும் சரி, மச்சாளும் சரி. அரிசிதான் பிழை விட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு இன்னொரு பானையை இழுத்தாள். சோறு வேகும் நேரத்தில் பால் தேத்தண்ணி ஊற்றி முதலில் எனக்குத்தான் கொண்டுவந்து தந்தாள். அவள் மன்னிப்புக் கேட்கிற விதம் அதுதான்.

சோறு கொஞ்சம் சுணங்கினாலும் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு பார்சலும் குறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், “ஏன் தங்கச்சி இவ்வளவு நேரம்?” என்று கேட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். “அப்ப விடிஞ்சதில இருந்து நாங்க முப்பத்தாறு பேரும் இந்த உலகத்தில இல்லையா?” என்று சிரித்துக்கொண்டே பார்சலை அவிழ்த்தார். அவர் முதல் வாய் வைக்கும்வரை அந்த இடத்தை விட்டு நான் போகவில்லை.

அடுத்த நாள் அட்டவணையில் என் வரிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது. இலக்கத்தை இங்கே போடுங்கள், விருப்பமானதை அங்கே எழுதுங்கள் என்றா செயலாளர். தண்ணீர் வடியும்வரை அப்படியே செய்தேன். அடியில் தொகை வந்த பிறகு இரண்டு பேர் தரையிலும் கூட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

பிழை விட்டவளும் நான்தான், பிழை இருக்கிறது என்று சொன்னவளும் நான்தான். வெட்கத்தில் அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் முப்பத்தாறு பேர் பசியோடு இருந்திருப்பார்கள் என்ற நினைப்புத்தான் இப்போதும் கூட்டத்தில் என்னை எழும்பிப் பேச வைக்கிறது. எந்தத் தெருவில் எத்தனை பேர் என்பதை நான் மாற்றி எழுதியிருக்கவும் கூடும். அந்த விக்கிப் பக்கம் இன்னும் சங்கத்தில் இருக்கிறது, இதை அச்சில் போடுமுன் யாராவது அதோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.