கலந்து நட்ட பாதி

மரம் அளக்கிற தொழிலில் மரங்கள் ஒருநாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. சுற்றி நின்று யோசனை சொல்கிற ஜனங்களால்தான் ஆயுசு குறைகிறது. நீங்கள் வங்கியில் இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் இருந்தாலும் இந்த அவஸ்தை உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் வேலையை உங்களைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் உங்கள் மேஜைக்கு எதிரே நிற்பார்கள். எனக்கு மேஜை கிடையாது என்பதால் நாலு பக்கமும் நிற்பார்கள்.

கொல்கத்தாவில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது, மழை தன் இஷ்டத்துக்கு வந்து போகிறது. இந்த லட்சணத்தில் ஒரே வகை மரத்தை நட்டால் நன்றாக வளருமா, பல வகைகளைக் கலந்து நட்டால் நன்றாக வளருமா என்று பார்த்துச் சொல்லவேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு மரம் வளர்வதை வேடிக்கை பார்க்கிறாள் என்று என் மாமியார் எல்லோரிடமும் சொல்வதும் இதைத்தான்.

அசெம்பிளி

ஹவுராவில் ஒரு வார்ப்பட ஆலைக்குப் பின்னால் எங்களுக்கு நிலம் கொடுத்திருந்தார்கள். ஒரு பாதியில் சோனாஜுரி மட்டும். மஞ்சள் பூ பூத்து விறுவிறுவென்று உயர்கிற மரம். இன்னொரு பாதியில் அதே சோனாஜுரியோடு மருது, வேம்பு, நாவல், பூமருது எல்லாம் கலந்து நட்டிருந்தோம். முதல் பாதி வரிசையாக, ஒரே உயரமாக, கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. என் கலவைப் பாதியில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று பக்கத்து மரத்தின் மேல் சாய்ந்து கதை பேசிக்கொண்டிருந்தது.

ஆலையின் மேனேஜர் வரதன் சார், நாங்கள் குடியிருக்கும் லேக் கார்டன்ஸ் பேட்டையின் தமிழர். நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து என்னைத் தெரியும். பெரிய மனிதர்கள் ஆலையைப் பார்க்க வரும்போது பின்பக்கம் காடாகக் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. கலவைப் பாதியை அடுத்த மழைக்கு முன் வெட்டிவிட்டு அங்கேயும் சோனாஜுரியே நடப்போவதாகச் சொன்னார். இரண்டு பாதியும் இருந்தால்தான் சார் ஒப்பிட்டுப் பார்க்க முடியும், இல்லையென்றால் இத்தனை வருஷ அளவும் வீண் என்று கெஞ்சினேன். அவர் என்னை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"அந்தப் பக்கம் பாரு, ஸ்கூல் அசெம்பிளி. இந்தப் பக்கம் பாரு, சியால்தா ஸ்டேஷன் கூட்டம். எதை வெச்சுக்கணும்னு நீயே சொல்லும்மா."

சிவப்பு வளையம்

ஒரு மரத்தை எப்போது அளந்தாலும் அதே இடத்தில்தான் அளக்கவேண்டும். அதற்காக மார்பு உயரத்தில் வண்ணம் பூசி ஒரு வளையம் போட்டுவைப்போம். பழைய வளையங்கள் மங்கிப்போயிருந்ததால் நானும், என்னைத் திதி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டுக்கொண்டு என்னோடு வேலை பார்க்கும் சுப்ரதோதாவும் மாசிக் கடைசியில் எல்லா மரத்துக்கும் புதிதாகப் போட்டோம். கையில் கிடைத்தது சிவப்பு. சாலையோரத்தில் வெட்டப்போகிற மரங்களுக்கும் சிவப்பில்தான் குறி போடுவார்கள் என்பது அந்த நேரத்தில் எங்கள் இருவர் மூளைக்கும் எட்டவில்லை.

மறுநாள் போனால் மதில் ஓரத்துச் சந்திலிருந்து பெண்கள் மொத்தமாக வந்து மரங்களுக்கடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். தலைமை லொக்கி மாஷிமா, சந்துக்கே சித்தி. என் பெயர் அவள் வாயில் மொய்திலி. கலவைப் பாதியின் வேம்பில்தான் அவள் ஒவ்வொரு பங்குனிக்கும் கொழுந்து பறித்துக் கத்தரிக்காயோடு பொரிப்பாள், எனக்கும் ஒரு டப்பாவில் தருவாள். இது வெட்டுவதற்கு இல்லை மாஷிமா, அளப்பதற்கு என்று என் வங்காளம் முழுவதையும் செலவழித்து விளக்கினேன். வரதன் சார் உண்மையிலேயே வெட்டத்தான் போகிறார் என்பது நினைவுக்கு வந்து நடுவில் எனக்கே குரல் இறங்கிவிட்டது. மாஷிமா பாயைச் சுருட்டவில்லை.

"அளந்துட்டு வெட்டாத தையல்காரனை நான் பார்த்ததே இல்லை, மொய்திலி."

இளைத்த மரங்கள்

சித்திரை வந்தது. கொல்கத்தா வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த மாதம் டேப்பைச் சுற்றினால் பல மரங்கள் போன தடவையைவிட ஒரு நூல் மெலிந்திருந்தன. தண்ணீர் இல்லாவிட்டால் மரத்தின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், மழை பெய்தால் திரும்ப வந்துவிடும். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் டேப்பை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தேன். சோனாஜுரிப் பாதி நன்றாகவே சுருங்கியிருந்தது. கலவைப் பாதியில் மருது அலட்டிக்கொள்ளவே இல்லை, நாவல் பரவாயில்லை, பூமருது மட்டும் வாடி வதங்கி நின்றது.

கலந்து நட்டால் எல்லாம் நன்மைக்கே என்று எழுத எனக்கும் ஆசைதான். பூமருது விடவில்லை. ஒருவர் வேர் ஆழத்தில் குடித்தால் இன்னொருவருக்கு மேல்மண் ஈரம் மிஞ்சும். இரண்டு பேரும் ஒரே ஆழத்தில் குடித்தால் குழாயடிச் சண்டை. யார் பக்கத்தில் யாரை உட்காரவைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது, கல்யாணப் பந்தி மாதிரி. நான் பூமருதைத் தடவிக்கொண்டு நின்றதைச் சுப்ரதோதா பார்த்தார். பிறகு கழன்று இறங்கிய பேண்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்.

"இந்த வெயிலில் நானும்தான் இளைச்சுட்டேன், திதி. என்னை யாராவது அளந்தாங்களா?"

காற்று

கலவைப் பாதியை வெட்டுவதற்கு ஆள் சொல்லியாகிவிட்டது என்று வரதன் சார் போன் செய்த அதே வாரம், ஒரு சாயங்காலம் வடமேற்கிலிருந்து கால்பைசாகி அடித்தது. கோடையில் திடீரென்று கறுத்துக்கொண்டு வந்து கொஞ்ச நேரத்தில் ஊரையே புரட்டிப்போடும் காற்று. காலையில் முதல் படகைப் பிடித்து ஹவுராவுக்கு ஓடினேன்.

அசெம்பிளி கலைந்திருந்தது. சோனாஜுரிக்குக் கிளை மளுக்கென்று ஒடியும், வேரும் ஆழம் போதாது. ஒன்று அடுத்ததன் மேல், அது அதற்கடுத்ததன் மேல் என்று வரிசை மாறாமல் விழுந்துகிடந்தன. கலவைப் பாதியிலும் சோனாஜுரிகள் ஒடிந்திருந்தன, ஒரு வேம்பு பாதி கிளையை இழந்திருந்தது. மற்றவை எல்லாம் தலை கலைந்து, ஆனால் நின்றுகொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது. விழுந்த பாதியும் நான் நட்டதுதான். ஒரு காற்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று வரதன் சாரிடம் நாணயமாகச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கீ முஷ்கில், என்ன சங்கடம் இது! சியால்தால கூட்டம் நெரிஞ்சாலும் ஒருத்தரும் கீழ விழமாட்டாங்கறது எனக்குத் தோணவே இல்லையே."

வெற்றி

வரதன் சார் வெட்டுகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். விழுந்த மரங்களை அகற்றி அதே இடத்தில் மறுபடி சோனாஜுரி மட்டும் நட்டுவிட்டால் ஆராய்ச்சியை மேலே நடத்தலாம். அதற்குக் கன்று தயார் செய்யச் சொல்லிவிட்டு, நிம்மதியாக ஒரு தடவை சென்னை போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்குள் முதல் மழை பெய்துவிட்டது.

திரும்பி வந்தபோது நிலத்தின் வாசலிலேயே வரதன் சார் குடையோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஆச்சரியம் கொடுக்கவேண்டுமென்று சந்துப் பெண்களையெல்லாம் கூட்டி, காலியான பாதி முழுவதும் நட்டு முடித்திருந்தார். மருது, வேம்பு, நாவல், இலுப்பை, புங்கம். எல்லாம் கலந்து, பார்த்தால் என் பாதியைப் போலவே. தோட்டத்தைச் சுற்றி ஒரு தடவை பார்த்தேன். ஒப்பிடுவதற்கு உலகத்தில் ஒன்றும் மீதியில்லை. அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, ரொம்ப நன்றி சார் என்றேன். கண் மட்டும் கேட்கவில்லை. சேறு படிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மாஷிமா பக்கத்தில் வந்தாள்.

"நீ சொன்னதுதான் சரின்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு, மொய்திலி. இன்னும் எதுக்கு அழறே?"

ஆராய்ச்சி முடிந்த பிறகும் மாதாமாதம் டேப்பைத் தூக்கிக்கொண்டு ஹவுராவுக்குப் படகு ஏறுகிற என்னைப் பார்த்தால் தோற்றவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், விஞ்ஞானி என்றும் சொல்லமாட்டார்கள்.