மாதாவின் பொந்தில் ஒரு பஞ்சுக் குச்சி

எனக்கு மூளை என்று ஒன்று இருந்திருந்தால், ஆராய்ச்சிக்கு வேறு மரம் பார்த்திருப்பேன். மன்னாரில் பொந்து விழுந்த மரத்துக்கா பஞ்சம்! நான் போய் நின்றது, கட்டினால் இவனைத்தான் என்று நினைத்திருந்தவனின் வீட்டு முற்றத்தில் யானை போலப் பருத்து நின்ற பெருக்கமரத்தடியில். எங்கள் விஷயத்தை அவன் இன்னும் தாயிடம் சொல்லவில்லை. "கம்பஸிலை இருந்து மரம் பாக்க ஒரு பிள்ளை வருது" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான், கெட்டிக்காரன்!

நான் தேடியது ஒரு ஈஸ்ட். பாண் மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டின் உறவுக்காரன்தான், ஆனால் பொல்லாதவன். உக்கிய பொந்துகளில் சுகமாகக் குடியிருப்பான். அந்தத் தூசியை மூச்சோடு இழுத்தால், சிலருக்கு நெஞ்சுக்குள் இறங்கி மூளை வரைக்கும் போய்விடுவான்.

அந்த வீட்டுப் பொந்திலோ மாதா சொரூபம் இருந்தது. தாய் தினமும் தலையை உள்ளே விட்டுத் தூசி தட்டி, மெழுகுதிரி கொளுத்திச் செபிக்கும் இடம். நான் முகமூடியும் கையுறையுமாக மாதாவின் முதுகுப்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவிக்கொண்டிருக்க, அவர் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, மாதாவுக்குக் காய்ச்சலோ?"

அவன் கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு முட்டி, மாதாவையே தட்டி விழுத்தப் பார்த்தேன்.

பிறகு ஆய்வுகூடத்தில், அந்தப் பஞ்சைத் தேய்த்து வைத்த தட்டைப் பார்த்தால், மண்ணிறப் புள்ளிகள் ஜம்மென்று வளர்ந்திருந்தன. தேடியவன் அகப்பட்டுவிட்டான்! துள்ளிக் குதித்தேன். ஆனால் மாதாவின் இடத்தில் நோய்க்கிருமி என்று அந்த மனுசியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் என் கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால் அவர் நாளைக்கும் தலையை உள்ளே விடுவார்.

போனேன்.

"அன்ரி, மாதாவிலை ஒரு பிழையும் இல்லை. மரத்திலைதான் கிருமி. இனி அதுக்குள்ளை தலையை விடாதேங்கோ."

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் என்னிடம் ஒரு முகமூடி வாங்கி மாட்டி, சொரூபத்தைத் தூக்கி, ஈரத்துணியால் துடைத்து, உள்ளே கொண்டுபோய் அலுமாரிக்கு மேல் வைத்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"மாதா உள்ளுக்கு வந்திட்டா. நீ எப்ப வாறாய்?"

"எங்கை அன்ரி?"

"மரம் பாக்க வாற பிள்ளை முகமூடிக்குள்ளை பவுடர் பூசிக்கொண்டு வருமே? எனக்கென்ன கண் தெரியாதே? சும்மா அன்ரி அன்ரி எண்டுகொண்டு!"

அவன் மறுபடியும் கிணற்றடிக்கு ஓடினான்.

"ஓம் மாமி" என்றேன்.