விளக்கு வைக்கும் நேரத்து வைஃபை

நிலத்தடியில் பாயும் ரயிலுக்குள் நின்றுகொண்டே முழுநீளப் படம் பார்க்கலாம். ஈரச்சந்தையில் மீன் வெட்டுபவர்கூடக் காசை வாங்காமல் க்யூஆர் அட்டையை நீட்டுவார். இப்படிப்பட்ட சிங்கப்பூரில் இணையம் எட்டாத ஓர் இடத்தைப் பிடித்து, அதில் என் அலுவலகத்தை வைத்த பெருமை எனக்கு உண்டு. இடம் தொலைவில் இல்லை. என் மாமியார் வீட்டுச் சமையலறையின் பின்கதவைத் திறந்து, செருப்பு போடலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் வந்துவிடும்.

லிட்டில் இந்தியாவைத் தாண்டி சிராங்கூன் சாலையோடு மேலே போனால் வரும் பழைய வரிசை வீடுகளில் ஓரத்து வீடு அது. பின்பக்கம் துணி காயப்போடும் அளவுக்குக் கொஞ்சம் வெற்றிடம். அதன் கடைசியில் தகரக் கூரை போட்ட தனி அறை. உடைந்த மின்விசிறிகளும் பழைய டிவியும் குடியிருந்த அந்த அறைக்குள்தான் நான் குடியேறினேன்.

என் நிறுவனம் தன்னை மறுசீரமைத்துக்கொண்டது. சீரமைத்து முடித்த பிறகு பார்த்தால் எல்லாம் அப்படியே இருந்தது, நான் மட்டும் இல்லை. மனைவி அப்போது உண்டாகியிருந்தாள். கிளமெண்டியில் இருந்த எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவள் அம்மா வீட்டுக்கு வந்தோம். என் வேலை போனது என்று மாமியார் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. கோயிலில் யாராவது விசாரித்தால், “மாப்பிள்ளைக்கு ஆபீஸ் பின்னாடிதான்” என்று சொல்லிவிடுவார். ஒரு பெரிய நிறுவனம் எனக்காகவே கொல்லைப்புறத்தில் கிளை திறந்ததுபோல் இருக்கும்.

வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை தேடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாலையானால் கூடம் முழுக்க மனைவியின் டியூஷன் பிள்ளைகள். அந்த வருமானத்தில்தான் நாங்கள் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அதனால் “கொஞ்சம் சத்தமில்லாமல் பின்னம் கற்றுக்கொள்ளுங்கள்” என்று அவர்களிடம் சொல்லும் தகுதி எனக்கில்லை. மாடியிலோ மரத்தளம். கீழே ஒரு பிள்ளை பென்சிலைத் தட்டினால் மேலே கட்டில் அதிரும்.

பின்னறையில் கைபேசியை நம்பவும் வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் பின்வீட்டுக்காரரும் பழைய வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பியிருந்தார்கள். நடுவில் என் அறை கிணற்றுக்குள் கிடந்தது. காணொளியில் எதிரே இருப்பவரின் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். பொங்கோலில் எட்டாவது மாடியில் இருக்கும் நண்பனிடம் புலம்பினேன். “என்னடா, சொந்த நெலத்துல லேண்டட் வீட்டுல இருந்துக்கிட்டு அழுவுற? எங்க வீட்ல டாய்லெட்லகூட ஃபுல் பார் சிக்னல் லா” என்றான். இனி அவனோடு பேசுவதே இல்லை என்று முடிவு செய்து, மறுநாள் அவனிடமே யோசனை கேட்டேன்.

அவன் சொன்னபடி ஒரு கணினிக் கடையில் ஜோடி வைஃபை பெட்டிகள் வாங்கினேன். ஒன்று சமையலறையில், ஒன்று என் அறையில். முதல் பெட்டி சிக்னலைப் பிடித்து இரண்டாவதற்குத் தள்ளும். உண்மையாகவே தள்ளியது. பகல் முழுக்கத் தங்கமாய் வேலை செய்தது. எனக்கே நம்பிக்கை வந்து, ஐரோப்பாவில் தலைமையகம் வைத்திருந்த ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் காணொளி நேர்காணலுக்கு அந்த அறையிலேயே உட்கார்ந்தேன். அவர்களுக்கு நண்பகல் நெருங்கும் நேரம், எனக்கு மாலை ஆறரை. மேலே கோட்டும் டையும். கீழே, காற்றோட்டமாக, கைலி.

அரைமணி நேரம் எல்லாம் அருமையாகப் போனது. “எதிர்பாராத நெருக்கடியை எப்படிச் சமாளிப்பீர்கள்?” என்று நேர்காணல் எடுத்த அம்மாள் கேட்டார். நான் நிதானமாக, உதாரணங்களோடு, கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னேன். பதிலை முடித்த பிறகுதான் கவனித்தேன், அந்த அம்மாள் கண்ணை மூடியபடி உறைந்து போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

வெளியே ஓடினேன். பின்கதவு சாத்தியிருந்தது. இரும்புத் தகடு அடித்த கதவு, திருடனுக்கென்று போட்டது. திருடன் வந்ததாகத் தெரியவில்லை, சிக்னல் மட்டும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. தட்டினேன். உள்ளிருந்து மாமியார் குரல்.

“விளக்கு வச்சிட்டேன் மாப்பிள்ளை. இப்ப தொறக்கக் கூடாது. முன்னால சுத்தி வாங்க.”

நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்திக்கு விளக்கேற்றும்போது முன்கதவைத் திறந்து வைக்க வேண்டும், பின்கதவை அடைக்க வேண்டும். முன்வாசல் வழியாக வரும் லட்சுமி பின்வாசல் வழியாகப் போய்விடக் கூடாது. மாமியார் இதில் ஒருநாளும் தவறியதில்லை. ஆக, லட்சுமி உள்ளே பத்திரமாக இருந்தார். வேலையில்லாத மாப்பிள்ளை வெளியே பத்திரமாக இருந்தான். கோட்டும் கைலியுமாக வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தபோது, பிள்ளைகளை அழைத்துப் போகக் காத்திருந்த பெற்றோர் எல்லாரும் ஒரே நேரத்தில் கைபேசியில் அவசரமாக எதையோ படிக்க ஆரம்பித்தார்கள்.

அந்த நிறுவனத்தார் நல்லவர்கள். அடுத்த வாரம் அதே நேரத்துக்கு இன்னொரு வாய்ப்பு தருகிறோம், இந்த முறை இணையத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள் என்று எழுதினார்கள். வந்த அழைப்பே அது ஒன்றுதான். குழந்தை பிறப்பதற்குள் சம்பளம் என்று ஒன்று வர வேண்டுமென்றால் அது இந்த வேலையில்தான்.

கதவுக்கு அடியில் கேபிள் இழுத்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. மறுநாள் பார்த்தால், மாமியார் அதை உருவி, அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு என் அறைக் கதவில் மாட்டியிருந்தார். அடுத்து, சுவரில் துளை போட்டுவிடலாம் என்று ஒரு டெக்னீஷியனை வரவழைத்தேன். வயதான சீனர். டிரில்லை எடுத்து, இடம் பார்த்து, பென்சிலால் குறியும் போட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து மனைவி வயிற்றைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் குடிக்க வந்தாள்.

அவர் டிரில்லைப் பைக்குள் திருப்பி வைத்தார். “வைஃப் பிரெக்னன்ட் ஆ? கேனாட் டிரில் லா. நாட் குட் ஃபார் பேபி.”

“அதான் நானும் சொல்றேன். புள்ளத்தாச்சி இருக்கிற வீட்ல சுவத்துல ஆணிகூட அடிக்கக் கூடாது” என்றார் மாமியார் தமிழில்.

அவருக்குத் தமிழ் தெரியாது, மாமியாருக்கு அவர் பேச்சில் பாதி புரியாது. இருந்தும் இருவரும் மனமொத்துத் தலையாட்டினார்கள். நாட்டின் இன நல்லிணக்கம் இவ்வளவு உறுதியாக இருப்பதைப் பார்த்து அன்றைக்கு நான் ஒருவன்தான் வருத்தப்பட்டிருப்பேன். அவர் காப்பி குடித்துவிட்டு, பிள்ளை பிறந்த பிறகு கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

பொங்கோல் நண்பன் தன் வீட்டுக்கு வரச் சொன்னான். மனைவிக்கு நாள் நெருங்கிவிட்டதால் அவ்வளவு தூரம் போகத் துணிவில்லை. மிச்சமிருந்தது ஒரே வழி. ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம், பின்கதவைத் திறந்து வைக்கும்படி மாமியாரிடம் கேட்க வேண்டும். ஆனால் நடுவில் மூடிய கதவு இல்லாமல் நானும் அவரும் நேராகப் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. மரியாதை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, “மாப்பிள்ளைக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு” என்று மகளிடம் சொல்வார். அந்த மனுஷியிடம் போய், எனக்கு வேலை இல்லை, அதற்காக உங்கள் லட்சுமியைக் கொஞ்சம் பணயம் வையுங்கள் என்று எப்படிக் கேட்பது? நீயே சொல்லேன் என்று மனைவியிடம் கெஞ்சினேன்.

“நீங்க ரெண்டு பேரும் பேசிக்க நான் என்ன ரவுட்டரா? கதவைத் தொறந்து வைங்கன்னு நீங்களே கேளுங்க” என்றாள், சமையலறையில் அம்மா இருந்தும் குரலைத் தாழ்த்தாமலே.

நான் கேட்கவில்லை.

குறித்த நாள் மாலை நேர்காணல் தொடங்கியதும், விளக்கு வைப்பதற்குள் என் திறமை அனைத்தையும் கொட்டிவிடலாம் என்று வேகவேகமாகப் பேசினேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்று அந்த அம்மாள் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். மணி ஏழானது. சாம்பிராணி வாசனை வந்தது. முடிந்தது கதை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் உறையவில்லை. கண் சிமிட்டினார், சிரித்தார், சம்பள எதிர்பார்ப்பு பற்றிக் கேட்டார். என்ன சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை.

முடித்துவிட்டு வெளியே வந்தேன். பின்கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. நிலைப்படியை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, வழியை முழுதாக அடைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி மாமியார் உட்கார்ந்திருந்தார். காலைச் சுற்றிய கொசுவை முந்தானையால் அடித்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, கதவு…” என்றேன்.

“நான்தான் குறுக்கால உக்காந்திருக்கேன்ல? என்னைத் தாண்டி எப்படிப் போவா?” என்றார், திரும்பாமலே. பிறகு, மகளைக் கூப்பிடாமல், நேராக என்னிடமே கேட்டார்.

“வேலை கெடச்சிருமா மாப்பிள்ளை?”

‘வேலை’ என்ற அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏதாவது கிண்டலாகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், வாயில் வந்தது உண்மைதான்.

“தெரியல அத்தை.”

அவர் எழுந்து முக்காலியை எடுத்து ஓரமாகப் போட்டு, நான் உள்ளே வர வழிவிட்டார்.

“கெடைக்கலன்னா என்ன, நாளைக்கும் இப்படியே உக்காந்துக்கிறேன். நீங்க பேசுங்க.”