கப்டனோடு எடுத்த படம்

“நான் செத்தாலும் இந்தப் படம் சுவரை விட்டு இறங்காது!”

அம்பலவாணன் இப்படிப் பிரகடனம் செய்தபோது, கடல்கடந்து குடியேறிய அவருடைய குட்மேய்ஸ் வீட்டில் விருந்துக்கு வந்திருந்தவர்கள் கோழிப்பொரியல் மெல்லுவதை நிறுத்தி மரியாதை செய்தார்கள். ஆண்டு 1993. ‘லேடி ஒகஸ்ரா’ என்ற சொகுசுக் கப்பலில் போய்வந்த முதல் மரக்கறிக்கடை முதலாளி பேசும்போது வேறென்ன செய்வது?

படத்தில் கப்டன். அவரை உரசிக்கொண்டு அம்பலவாணன். படத்தின் ஓரத்தில், இவருடைய கோட்டுக் கையைப் பிடித்தபடி, சிரித்த முகத்தோடு மனைவி சிவனேஸ்வரி.

“அண்ணை, அண்ணி ஏன் உந்த இறுக்கு இறுக்கிறா? கடலுக்கை பாய்ஞ்சிடுவியள் எண்டோ?” என்றான் தம்பி முறையான பாலேந்திரா.

“பெருமையடா, பெருமை!”

குசினிக்குள் சிவனேஸ்வரி அடுத்த பப்படத்தை எண்ணெயில் போட்டாள்.

கப்பலின் மகத்துவம் சாதாரணமானதல்ல. அதன் பெயர் பொறித்த துவாய் தோளில் விழுந்ததுமே அம்பலவாணனின் பழைய முதுகுவலி பறந்துவிட்டது. உப்புமில்லாத உறைப்புமில்லாத சூப்பை, கோப்பை விளிம்பிலிருந்த பெயருக்காகவே வழித்துக் குடித்தார். பெயரில்லாத கப்பலென்றால் கடலில் ஊற்றியிருப்பார்.

கப்டனின் விருந்தன்றுதான் சிவனேஸ்வரி படியில் நின்று மெல்லச் சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, நெஞ்சை அடைக்குது. டொக்டரிட்டைப் போவம்.”

டொக்டரின் அறை எதிரேதான் இருந்தது. ஆனால் படமெடுக்க வரிசையில் நின்ற சீமான் சீமாட்டிகள் அத்தனை பேரும் பார்ப்பார்களே!

“உந்தக் கப்பலிலை ஆரும் வருத்தக்காரராய் வாறேல்லை. ஒரு படம்தானே, சிரியும்.”

சிரித்தாள். பிறகு, “இப்ப பறவாயில்லை” என்றும் சொன்னாள். கப்பலின் பெயரே மருந்து என்பது அவருக்கு அத்துடன் நிரூபணமாயிற்று.

வீடு வந்தபின் மறுபடியும் அடைத்தது.

“கப்பலாலை வந்த கையோடை ஆஸ்பத்திரி எண்டால் சனம் என்ன கதைக்கும்? எங்கடை வீட்டு விருந்து முடியட்டும்.”

விருந்து முடிந்தது. அடுத்த கிழமை, கோப்பைகளைக் கழுவி அடுக்கும்போது சிவனேஸ்வரி சரிந்தாள். அம்புலன்ஸ் கெதியாய்த்தான் வந்தது. வந்தவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

மாலை போட ஒரு படம் வேண்டுமென்றான் பாலேந்திரா. அல்பங்களைப் புரட்டினார்கள். ஒன்றில் சிவனேஸ்வரி முதுகு காட்டிப் பரிமாறுகிறாள். இன்னொன்றில் பலகாரத் தட்டம் முகத்தை மறைக்கிறது. சிரித்த முகம் ஒரே ஒரு படத்தில்தான் இருந்தது.

அம்பலவாணன் கதிரையில் ஏறி அதை இறக்கினார். குசினிக் கத்திரிக்கோலை எடுத்தார். முதலில் கப்டன் போனார். பிறகு தன்னையும் வெட்டினார். மனைவி பிடித்திருந்த கோட்டுக் கையை மட்டும் எப்படி வெட்டுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டார்.