சுவருக்கு அந்தப் பக்கம்

புதுச் சீமெந்துப் பூச்சின் வாசனை எங்கே வந்தாலும் என் உள்ளங்கை தானாகச் சில்லிட்டுவிடும். பொகவந்தலாவைக்கு மேலே, தேயிலை மலையின் ஓரத்தை வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில் எங்களுக்கென்று ஒரு வீடு எழும்பியபோது எனக்குப் பத்து வயது. அந்த வீட்டின் பின்சுவரைத் தொட்டால் கை நனையும். மழை பெய்தாலும் நனையும், நல்ல வெயில் காய்ந்தாலும் நனையும். ஏன் என்று அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை, எனக்கு இன்றைக்கும் முழுதாக விளங்கியது என்று சொல்ல மாட்டேன்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வந்ததே தங்கச்சி செல்விக்காகத்தான். அவளுக்கு மூச்சு "இழுப்பு". எங்கள் லயம் முதுகோடு முதுகு ஒட்டியது, எங்கள் ஒற்றை அறையான "காம்பரா"வின் சுவருக்கு அந்தப் பக்கம் மாரியாயி அத்தையின் காம்பரா. எங்கள் அடுப்புப் புகை போதாதென்று அத்தை வீட்டுப் புகையும் கூரை இடுக்கு வழியாக வந்து சேர்ந்துகொள்ளும். இரண்டு அடுப்புச் சூட்டிலும் அந்த நடுச்சுவர் எப்போதும் காய்ந்து கதகதப்பாக இருக்கும், அத்தை அதில் முதுகு சாய்த்துத்தான் உட்காருவார். "இந்தப் பொகைக்குள்ள புள்ளைய வச்சிருந்தா எப்படி?" என்று தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி ஒருநாள் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குப் புகை ஜென்மப் பகை. புது வீட்டில் விறகடுப்பே கூடாது, கேஸ் அடுப்புதான் என்று சொல்லி, மேசன் பாஸ் கட்டியிருந்த புகைக்கூட்டையும் மூட வைத்தாள்.

தீபாவளிக்கு முன்பே பால் காய்ச்சிக் குடிபோனோம். வெள்ளைச் சுவர், கண்ணாடி ஜன்னல், எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கார்த்திகை பிறப்பதற்குள் பின்சுவரின் அடியில் ஒரு கறை தெரிந்தது, பிறகு அது என் இடுப்பு வரை ஏறியது, அதன் பின்னாலேயே செல்வியின் இழுப்பும் முன்னைவிட மோசமாக வந்தது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மணலில் மண் கலந்துவிட்டது என்றார் அப்பா. சுவர் காய்வதற்குள் பூசியதுதான் தப்பு என்றாள் அம்மா, தீபாவளி தீபாவளி என்று அவசரப்படுத்தியவளும் அவள்தான். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவரான பாஸ் சுவரைத் தட்டிப் பார்த்து, "செவுரு நல்லம் நோனா, தகரம்தான் சரியில்ல" என்றார். கூரைத் தகரத்து ஆணி ஓட்டைகளுக்குத் தார் பூசினோம், பூச்சைக் கொத்திவிட்டு மறுபடி பூசினோம். கறை கொஞ்ச நாள் எங்கோ விருந்துக்குப் போய்விட்டு, அதே இடத்துக்குத் திரும்பி வந்தது.

இதற்கிடையில் பழைய காம்பராவை ஒப்படைக்கச் சொல்லித் தோட்டத்திலிருந்து ஆள் வந்தார். "திரும்ப லயத்துக்கே போயிருவோமாங்க?" என்று அம்மா அழுதாள். அங்கே புகை, இங்கே ஈரம், பிள்ளையை எங்கே கிடத்துவது? செல்வியின் நெஞ்சு விசில் அடிப்பதைக் கேட்டுக்கொண்டு, இரண்டு வீடுகள் இருந்தும் போக இடமில்லாதது எப்படி என்று நான் குழம்பிப் போயிருந்தேன்.

ஒரு பெருமழைக் காலையில் அப்பா வீட்டுக்குப் பின்னால் போனவர் திரும்பவில்லை. நான் தேடிப் போனேன். வெட்டிய மலையிலிருந்து கசிந்த தண்ணீர் நேராக எங்கள் சுவரின் காலுக்குள் இறங்குவதைப் பார்த்தபடி சேற்றில் உட்கார்ந்திருந்தார். அவர் தோட்டத்தில் "கான்" வெட்டுகிறவர். மழைத் தண்ணீர் தேயிலைக்கு நடுவே பாயாமல் பக்கவாட்டில் வழிந்தோட வாய்க்கால் வெட்டுவதுதான் அவருடைய வேலை. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா எங்கே குச்சி நடுகிறாரோ அங்கே வெட்டுவார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் யாரும் குச்சி நடவில்லை.

"தேயிலைக்குத் தண்ணி ஆகாதுன்னு தெரிஞ்ச எனக்கு, எம்புள்ளைக்கு ஆகாதுன்னு தெரியலையேடா" என்றார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குப் பயமாக இருந்தது.

மழையோடு மழையாகக் கான் வெட்டினார். கறை பாதிக்கு மேல் இறங்கியது. காம்பராவை ஒப்படைத்துவிட்டோம். செல்வியின் இழுப்பும் மெல்லக் குறைந்து, அவள் பெரியவளாவதற்குள் நின்றே போனது. அது கானாலா, வயதாலா, யாருக்குத் தெரியும்? பனிக்காலத்தில் மட்டும் அந்தச் சுவர் இன்றும் வியர்க்கிறது.

லயத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே புல்தான். வட்டவளையில் மகனோடு இருக்கும் மாரியாயி அத்தை, போன மாதம் செல்வியின் குழந்தையைப் பார்க்க வந்தார். பழைய பழக்கத்தில் நேராகப் போய்ப் பின்சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தவர், சேலை நனைந்து திடுக்கிட்டு எழுந்தார்.

"ஏன்டா, இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா?"

"யாருமில்ல அத்தை. மலைதான்."

அத்தை சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "அதான். அந்தப் பக்கம் அடுப்பெரிக்க ஆளில்ல" என்றார்.